ஜாகை

சென்னையை விட்டுப் போகிறோம் என்று சொன்னதும் சிநேகிதர்கள் அத்தனை பேரும் முதலில் கேட்டது, "வீடு பார்த்தாயிற்றா?" என்பதுதான். ஏன் போகிறீர்கள் என்று கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் எங்கள் பால்காரர். மற்றவர் எனக்குக் கைமாற்றாகப் பணம் கொடுத்திருந்தவர்.

மாற்றல் வந்தது எனக்கல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவனை ஊர் மாற்றுவதற்கு எந்த இலாகாவுக்கும் அதிகாரம் கிடையாது. என் மனைவிக்குத்தான் 2016-ஆம் வருஷம் மே மாதம் உத்தரவு வந்தது: கடலூர், மஞ்சக்குப்பம், ஜூன் முதல் வாரத்தில் போய்ச் சேர வேண்டும். பெண் ஆறாம் வகுப்புக்குப் போகிறவள். அம்மாவுக்கு எழுபது வயது. சாமான்கள் என்று பார்த்தால், பாதி புஸ்தகம். மீதிப் பாதி, புஸ்தகம் வாங்கியதற்காக மனைவியிடம் வாங்கிய திட்டு.

புஸ்தகங்களிலும் ஒரு தட்டு அப்போது குறைந்திருந்தது. முந்திய டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு கரை மீறி, சைதாப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குள் முழங்கால் ஆழத்துக்கு வந்துவிட்டுப் போயிற்று. அடித்தட்டுப் புஸ்தகங்கள் பிட்டு மாதிரி உதிர்ந்துவிட்டன. ஆகையால் புது வீட்டைப் பற்றிப் பேச்சு வந்ததும் மனைவி போட்ட முதல் நிபந்தனை, தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்பது. எழுதுவதற்குக் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும் என்பது என் நிபந்தனை. பெண்ணுக்கு மொட்டை மாடி. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால், அவளுக்கு என்ன வேண்டும் என்பதை நாங்களே தீர்மானித்துவிட்டோம்.

அம்மாவின் கண்ணைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கண்ணுக்குள் அழுத்தம் கூடிக் கூடி நரம்பை அழித்துவிடும் வியாதி. கிளாகோமா என்கிறார்கள். வலி கிடையாது, அதனால்தான் கண்டுபிடிப்பதற்குள் பாதிப் பார்வை போயிருந்தது. ஓரங்கள் முதலில் போகும். கதவின் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்து உலகத்தைப் பார்க்கிற மாதிரி ஆகும். அந்தத் துவாரமும் வருஷா வருஷம் சின்னதாகிக் கொண்டிருந்தது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையும் இரவும் சொட்டு மருந்து. சைதாப்பேட்டை வீட்டில் அம்மாவுக்கு மூலை முடுக்கெல்லாம் கைக்குப் பழக்கம். வெளியே போனால் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள்.

அம்மா பிறந்தது சிதம்பரம். வடக்கு வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருபது வயது வரை இருந்துவிட்டு, 1966-ல் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தவள். மஞ்சக்குப்பத்துக்கும் சிதம்பரத்துக்கும் சுமார் 45 கிலோமீட்டர். உங்களுக்கே விளங்கியிருக்கும். புதிய ஊரில் அம்மா தடவித் தடவிப் பழகுவதைவிட, காலுக்குத் தெரிந்த ஊரிலேயே கொண்டு போய் வைத்துவிடலாம். மனைவி தினம் பஸ்ஸிலோ ரயிலிலோ போய் வரட்டும். இதுதான் என் யோசனை. யோசனை என்னுடையது, பிரயாணம் மனைவியுடையது. இந்த வகை யோசனைகள் புருஷர்களுக்குச் சுலபமாக வரும்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை. கடலூர் எழுத்தாளர்களைப் பெறுகிற ஊர். புதுமைப்பித்தன் 1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். ஜெயகாந்தன் 1934-ல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தார். ஆனால் இரண்டு பேரையும் ஊர் வைத்துக்கொள்ளவில்லை. சிதம்பரமோ வெளியூரில் பிறந்த மௌனியை வரவழைத்து, 1985-ல் அவர் காலமாகும் வரை வைத்துக்கொண்டிருந்தது. எழுதுகிறவனுக்கு எந்த ஊர் ராசி என்பதற்கு இதைவிட என்ன சாட்சியம் வேண்டும்? கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் கால் ஊன்றாதவனுடைய தர்க்கம் இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் வழியிலேயே போயிடுமே" என்று மனைவி சொன்னாள். பிறகு அம்மா இருந்த அறைப் பக்கம் பார்த்துவிட்டு, "சரி, அத்தைக்குச் சௌகரியமா இருந்தா போதும்" என்று முடித்துக்கொண்டாள்.

மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு சிதம்பரம் போனோம். வடக்கு வீதிக்கு அருகே ஒரு வீடு காலியாக இருப்பதாகத் தகவல் வந்திருந்தது. நல்ல வீடு. முன்னால் தாழ்வாரம், உள்ளே முற்றம், பின்னால் கிணறு, எனக்கென்றே செய்து வைத்ததுபோல் கதவு சாத்துகிற ஓர் அறை. வாடகை, சைதாப்பேட்டையில் கொடுத்ததில் பாதி. வீட்டுக்காரர் பேச்சுப் பிரியர். "தண்ணீர் எப்படி?" என்று மனைவி கேட்டதுதான் தாமதம், "மெட்ராஸ்ல நீங்க குடிச்சதே எங்க தண்ணிதானேம்மா!" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சோழர் காலத்தில் வெட்டிய வீராணம் ஏரி, 'பொன்னியின் செல்வ'னின் முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் குதிரை மேல் கரையோடு வருகிறானே, அதே வீரநாராயண ஏரி, 2004 முதல் இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட குழாய் வழியாகச் சென்னைக்குத் தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்தது. நான் உற்சாகத்தில் இரண்டாயிரம் ரூபாயை அச்சாரமாக அவர் கையில் வைத்துவிட்டேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையை வர்ணிக்கப் போவதில்லை.

அம்மா அதுவரை வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "கீழ வீதி முனைக்குக் கூட்டிக்கொண்டு போ, அங்கிருந்து நான் நடக்கிறேன்" என்றாள்.

கீழ வீதியில் தேர் நிற்கும் இடத்தருகே என் முழங்கையை விட்டாள். விட்டது எனக்குச் சட்டென்று வெறிச்சென்றிருந்தது. வடக்குப் பார்த்து நடந்தாள். சாதாரணமாக நடந்தாள்! இடது பக்கம் கோபுரத்தைத் திரும்பிப் பார்க்காமலே கையெடுத்துக் கும்பிட்டாள். "இங்கே ஒரு வளையல் கடை இருக்கும்" என்றாள். கைபேசிக் கடை இருந்தது. "ஆமாம், இருக்கிறது" என்றேன். வடக்கு வீதி முனையில் சொல்லாமலே இடது பக்கம் திரும்பினாள். மனைவி என் காதோடு, "நீங்க சொன்னது சரிதாங்க" என்றாள். மூன்று மணி நேரப் பிரயாணத்தை அவள் அந்த இடத்தில் மனசார ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைக்கிறேன்.

அம்மா பிறந்த சந்தில் அவளுடைய பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி இன்னும் இருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், "அடி பாப்பா!" என்று கத்தினாள். அந்தப் பெயரை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அம்மா முகமெல்லாம் மலர, குரல் வந்த திசையை நோக்கி வேகமாகப் போனாள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அந்தத் திண்ணைக்கு இரண்டு படி ஏற வேண்டும். அம்மாவின் கால் ஏறுவதற்காகத் தூக்கிற்று. ஆனால், ஒவ்வொரு முறை ரஸ்தா போடும்போதும் பழைய தாரின் மேலேயே புதுத் தாரைக் கொட்டிக் கொட்டித் தெரு வளர்ந்துவிட்டது. வீடுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இப்போது அந்தத் திண்ணைக்கு ஏற வேண்டியதில்லை. ஒரு சாண் இறங்க வேண்டும். தூக்கிய கால் காற்றில் இறங்கியது. அம்மா கீரை முறத்தின் மேல் போய் விழுந்தாள்.

பெரிய அடி இல்லை. முழங்கையில் சிராய்ப்பு. ஆனால் தோழியின் குரல் நாலு வீட்டுக்குக் கேட்டது. "ஐயையோ, பாப்பாவுக்குக் கண்ணு தெரியலையே! ஊசியில நூல் கோக்க ஊர்ல அத்தனை பேரும் இவளைத்தானே கூப்பிடுவோம்!" அக்கம்பக்கத்தார் வந்து கூடினார்கள். எல்லாரும் நல்லவர்கள். ஒருத்தி அம்மாவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "இது எத்தனை, சொல்லு?" என்று கேட்டாள். அம்மா சிரித்துக்கொண்டே, "மூணு" என்றாள். விரல் இரண்டுதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது ரயிலில் கூட்டமில்லை. பரங்கிப்பேட்டை தாண்டுகிற வரை அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் வந்தாள். பிறகு, "தம்பி, அந்த வீடு வேண்டாம்டா" என்றாள்.

"விழுந்ததை நினைத்துச் சொல்கிறாயா? போகப் போகப் பழகிவிடும், அம்மா."

"காலுக்குப் பழகிடும். அவங்களுக்குப் பழகாது. தினம் ஒருத்தி வந்து, ஐயோ பாப்பா எப்படி இருந்தே, இப்படி ஆயிட்டியேன்னு சொல்லுவா. நானும் தினம் ஒரு தடவை அப்படி இருந்ததை நினைச்சுக்கணும். கடலூர்ல என்னை யாருக்குத் தெரியும்? கண்ணு தெரியாதவளாவே போய் இறங்கிட்டா, அவங்களைப் பொறுத்த வரைக்கும் நான் எப்பவும் இப்படித்தான்."

எதிர்ப் பெஞ்சியில் மனைவி பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷமாக ஒரே வீட்டில் என்னோடு இருக்கிற அம்மாவுக்கு எது சௌகரியம் என்று ஒரு மாதம் யோசித்து நான் கண்டுபிடித்தது இவ்வளவு லட்சணம். அச்சாரம் கொடுத்த இரண்டாயிரத்தில், வீட்டைப் பெருக்கி வைத்த கூலிக்கென்று ஐந்நூறு பிடித்துக்கொண்டு ஆயிரத்தைந்நூறைத் திருப்பி அனுப்பினார் வீட்டுக்காரர். அது நியாயமா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆகக் கடலூர் என்று ஆயிற்று. ஆனால் கடலூர் என்பது ஓர் ஊர் அல்லவே! கெடிலத்துக்கு வடக்கே மஞ்சக்குப்பம், புதுப்பாளையம். தெற்கே திருப்பாதிரிப்புலியூர், வண்டிப்பாளையம். இன்னும் தெற்கே போனால் துறைமுகத்தருகே முதுநகர். உள்ளூர்க்காரர்கள் புது நகரை என்.டி. என்றும், பழைய நகரை ஓ.டி. என்றும் சொல்கிறார்கள். கிழக்கே, கெடிலம் கடலில் விழுகிற இடத்தில் தேவனாம்பட்டினம். 2004 டிசம்பர் 26-ந் தேதி கடல் உள்ளே வந்த இடம். முதுநகருக்குத் தெற்கே ரசாயனத் தொழிற்சாலைகள். பெண்ணுக்குப் பனிக் காலத்தில் இழுப்பு வரும் என்பதால் அந்தத் திசையை மனைவி முதலிலேயே அடித்துவிட்டாள். 2011 டிசம்பர் 30-ல் வந்த தானே புயல் கூரை கீரை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போயிருந்தது. 2015 நவம்பர் வெள்ளமோ அப்போது ஆறு மாதத்துச் சமாசாரம். இத்தனையையும் கழித்துவிட்டு மீதி இருக்கிற இடத்தில் எங்கள் வசதிக்குத் தக்க ஒரு வீடு வேண்டும்.

இதே ஊரில் குடியேற வந்த வேறு ஓர் ஆசாமிக் கூட்டத்துக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. 1690-ல் ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்று கேள்வி வந்தபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் என்று ஒப்பந்தமாயிற்று. நாலா திசையிலும் சுட்டார்கள். மருந்தை எவ்வளவு கெட்டிப்பது, எப்படிக் குறி வைப்பது என்பதெல்லாம் பீரங்கிக்காரனுடைய சாமர்த்தியம் என்று மேலிடத்திலிருந்து சொல்லியனுப்பினார்களாம். சாமர்த்தியசாலிதான்; கடலூர் நகரமே குண்டுக்குள் அடங்கிவிட்டது. அந்தக் கிராமங்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. குண்டு உப்பலவாடி என்றும், குண்டு சாலை என்றும் இன்றைக்கும் வழங்குகிறோம். 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்துக்கொண்டபோது, கிளைவ் மாறுவேஷத்தில் தப்பி வந்து சேர்ந்தது இந்தக் கோட்டைக்குத்தான். 1752 வரை தென்னாட்டில் கம்பெனியாருக்கு இதுவே தலைமை ஸ்தலம். நம்மைப் போன்ற குடக்கூலிக்காரர்கள் பீரங்கியைத் தூக்கிக்கொண்டு தெருவில் போக முடியாது. தரகர் ஒருவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனேன்.

நாலு நாளில் பதினோரு வீடு பார்த்தேன். ஒன்றைத் தவிர மற்றவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஒன்று, மஞ்சக்குப்பத்தில், மனைவியின் ஆபீஸிலிருந்து நடக்கிற தூரம். பளபளவென்று புது வர்ணம் அடித்து, தரைக்குப் புதிதாக ஓடு பதித்து, வாசலில் ஒரு படிகூட இல்லாமல், சக்கர நாற்காலியே உள்ளே போகும் போல் இருந்தது. அம்மாவுக்கென்றே கட்டியது என்று தோன்றிற்று. "வெள்ளத்தில் தண்ணீர் வந்ததா?" என்று கேட்டேன். "தெருவோட போயிடுச்சு சார். வாசல்ல கால் நனைஞ்சுது, அவ்வளவுதான்" என்றார் வீட்டுக்காரர். தரகரும் தலையாட்டினார். இந்தத் தடவை அச்சாரம் கொடுக்கவில்லை. படித்த பாடம் புதிதாக இருந்தது.

மறுநாள் எல்லாருமாகப் போனோம். புது இடத்தில் அம்மா முதலில் செய்வது, வலது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு அறையை ஒரு சுற்று வருவது. அப்படியே வந்தாள். கூடத்தில் பாதிச் சுற்றில் நின்றாள். கையை மேலும் கீழும் கொண்டு போனாள். பிறகு எதிர்ச் சுவருக்குப் போய் அங்கேயும் தடவிப் பார்த்தாள்.

"தம்பி, இங்கே வா. உன் கையைக் குடு."

என் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தாள். வர்ணம் மழமழவென்றிருந்தது. "கீழே கொண்டு வா" என்றாள். அம்மாவின் இடுப்புயரம் வந்ததும் விரலுக்கு ஒரு சொரசொரப்புத் தட்டிற்று. அதற்குக் கீழே காரை பொருபொருவென்று, வர்ணத்துக்குள் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலுக்குக் கோடு போட்ட மாதிரித் தெரிந்தது. நாலு சுவரிலும் ஒரே உயரத்தில்.

"இது வரைக்கும் வந்திருக்கு" என்றாள் அம்மா. "வந்து, ரெண்டு நாளாவது நின்னிருக்கும்."

வீட்டுக்காரர் எங்களைப் பார்க்கவில்லை; தரகரைப் பார்த்தார். தரகர் மோட்டார் சைக்கிள் சாவியைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது உண்மை. பேசியிருப்பேன். ஆனால் அந்த மனிதர் தணிந்த குரலில், "நானும் இங்கதாம்மா குடியிருந்தேன். எல்லாம் போச்சு. வாடகை வந்தாத்தான் கடனைக் கட்டணும்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னார். அம்மா, "சுவத்தை நல்லாக் காய விட்டு அப்புறம் அடிச்சிருக்கணும் ஐயா" என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு வீடு பார்க்கும் பொறுப்பு அம்மாவுக்கு வந்துவிட்டது. நானும் தரகரும் அவளை அழைத்துக்கொண்டு போவோம். அவள் சுவரைத் தடவுவாள். தரகர் மூன்றாவது வீட்டிலிருந்து தானாகவே, "ஆயா, இங்க முழங்கால் அளவு" என்று முன்கூட்டி ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார்.

கடைசியில் அமைந்தது திருப்பாதிரிப்புலியூரில், பாடலீசுவரர் கோயிலிலிருந்து நாலு தெரு தள்ளி, ஒரு பழைய நாட்டு ஓட்டு வீடு. கல்லைக் கட்டிக் கடலில் போட்ட திருநாவுக்கரசரே மிதந்து வந்து கரையேறிய ஊர் இது. பக்கத்தில் கரையேறவிட்ட குப்பம் என்றே ஓர் இடம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வாசலில் ஐந்து படி. கைப்பிடி கிடையாது. படிகள் ஒன்று போல் ஒன்று இல்லை. இரண்டாவது உயரம், நாலாவது நடுவில் தேய்ந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்குச் சிதம்பரத்துக் கீரை முறம் ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரர் பின்கட்டில் இருப்பவர், ஓய்வு பெற்ற வாத்தியார். "போன வருஷம் மூணாவது படி வரைக்கும் தண்ணி வந்துது. பொய் சொல்ல மாட்டேன். அடுத்த தடவை நாலாவதுக்கு வருமோ என்னமோ, அதுவும் எனக்குத் தெரியாது" என்றார். அம்மா குனிந்து மூன்றாவது படியின் ஓரத்துச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு தடவை ஏறினாள், ஒரு தடவை இறங்கினாள், மறுபடி ஏறினாள். "அஞ்சுதானே! எண்ணிக்கிட்டாப் போச்சு" என்றாள். "இந்த வீடு இருக்கட்டும்."

மனைவிக்குக் கெடிலத்துப் பாலம் தாண்டி ஆபீஸுக்கு ஷேர் ஆட்டோ. பெண்ணுக்கு மொட்டை மாடி இல்லை. ஓட்டுக் கூரையில் பூனை இருந்தது. எனக்குக் கதவு சாத்துகிற அறை கிடைக்கவில்லை, கூடத்தில்தான் மேஜை. மௌனி அளவுக்கு வராததற்கு அதையே காரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படிக்கு ஓர் இரும்புக் கைப்பிடி போட்டேன். அம்மா அதை ஈரத் துணி காயப்போட உபயோகித்தாள்.

அக்டோபர் பிறந்தவுடன் நாங்கள் புஸ்தகங்களை மேல் தட்டுக்கு ஏற்றினோம். மெழுகுவத்தி, பிஸ்கட், அம்மாவின் சொட்டு மருந்து இரண்டு மாதத்துக்கு, எல்லாம் வாங்கி வைத்தோம். வாத்தியார் வடிகாலைத் தூர் வாரினார். நவம்பர் வந்தது, மழை வரவில்லை. அந்த வருஷம் தமிழ்நாடு முழுவதும் வடகிழக்குப் பருவமழை பொய்த்துவிட்டது. டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல், நாங்கள் விட்டுவந்த சென்னைக்குப் போய் மரங்களைச் சாய்த்தது. சைதாப்பேட்டைச் சிநேகிதருக்கு டெலிபோன் செய்து விசாரித்தேன். "நீங்கள் கெட்டிக்காரர், முன்கூட்டியே போய்விட்டீர்கள்" என்றார்.

தை மாதம் எங்கள் கிணற்றில் வாளி தரை தட்டியது. வாத்தியார் தினம் காலையில் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பின்கட்டுக்குப் போவார். தெருவுக்குத் தண்ணீர் லாரி வர ஆரம்பித்தது. அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும். இரண்டு தெருவுக்கு அப்பால் அது கியர் மாற்றும்போதே குடங்களை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிடுவாள். ஒன்று, இரண்டு என்று உதடு அசையும். கீழே நின்றுகொண்டு, அடுத்த வீடுகளைப் பார்த்து, "லாரி வருது, வாங்கடி!" என்று குரல் கொடுப்பாள். தெருவில் அவளுக்கு அஞ்சுபடி ஆயா என்று பெயர். நாங்கள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். வாடகை இரண்டு தடவை ஏறியிருக்கிறது.